சாங்ஷாவில் முகம் பார்த்த நான்கு நாட்கள்

ருயிஃபென்: இன்னொரு தடவை இந்த ஊர் போலீஸ் முன்னாடி வந்து நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

தெமாவ்: போலீஸா அவன்? மெட்ரோ ஸ்டேஷன் காவலாளி. மீசைகூட முளைக்கலை...

ருயிஃபென்: மீசையா முக்கியம்? "உங்க வீட்டுக்காரர் ஏன் அந்தப் பொண்ணை நாலு ஸ்டேஷனா முறைச்சுப் பாத்துட்டு வர்றார்"னு கேக்கறான். அறுபத்தி மூணு வயசு ஆம்பளைக்கு நான் என்னன்னு பரிஞ்சு பேசறது?

தெமாவ்: என்ன சொன்னே?

ருயிஃபென்: பார்வை மங்கல், முறைக்கற மாதிரிதான் தெரியும்னேன். நல்ல கண் டாக்டரா பாருங்கன்னு புத்தி வேற சொல்லி அனுப்பினான்.

தெமாவ்: க்கும்... க்கும்...

ருயிஃபென்: சிரிக்காதீங்க.

தெமாவ்: எங்க சிரிச்சேன்? காரம் தலைக்கு ஏறிடுச்சு. இந்த ஹுனான்காரங்க நூடுல்ஸுக்கு மிளகாய் போடறாங்களா, மிளகாய்க்கு நூடுல்ஸ் போடறாங்களா... அந்த வினிகர் பாட்டிலை எடு.

ருயிஃபென்: எங்க இருக்கு வினிகர்? ஸ்டேஷன் ஸ்டேஷனா நீங்களே குடிச்சுத் தீத்தாச்சு.

தெமாவ்: ஆசைப்பட்டா குடிச்சேன்? பையைச் சோதனை போட்டுட்டு, "ஒரு வாய் குடிச்சுக் காட்டு"ங்கறான். பெட்ரோல் இல்லைன்னு வேற எப்படிக் காட்டறது?

ருயிஃபென்: அவன் கேட்டது ஒரு வாய். வினிகருக்குப் பேர்போன ஷான்சிக்காரன் மானம் போயிடும்னு நீங்க மூணு வாய். அப்புறம் ரயில் பூரா உங்க ஏப்பம்தான்.

கடைக்காரி: வடக்கேருந்து வர்றீங்களா, அக்கா? பேச்சே காட்டிக் குடுக்குது.

ருயிஃபென்: ஷான்சிம்மா. ஊர் சுத்திப் பாக்க வந்தோம்.

கடைக்காரி: பிள்ளை அனுப்பி வச்சானா?

ருயிஃபென்: ஆமா... அவனாலதான் வந்தோம்.

கடைக்காரி: குடுத்து வச்சவங்க. இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தவா?

தெமாவ்: போதும்மா, போதும்... போயிட்டாளா? அவ கண்ணைப் பாத்தியா?

ருயிஃபென்: அவளையுமா? எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கயாவது முட்டிக்கலாம் போல இருக்கு.

தெமாவ்: ஏன், அவளா இருக்கக் கூடாதா? யாங்யாங் போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? அவன் கண்ணு இந்த ஊர்லயே ரெண்டு பேருக்குப் போகும், பேர் சொல்லச் சட்டம் இடம் குடுக்காதுன்னாங்க. வயசைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?

ருயிஃபென்: கருவிழின்னா கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு தோல். அதைப் பாத்து நம்ம பிள்ளையோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அந்த மெட்ரோ பொண்ணுகிட்ட அப்படி என்ன கண்டீங்க?

தெமாவ்: ஒரு கண்ணை மட்டும் சுருக்கிச் சுருக்கிப் பாத்தா. புதுசா பார்வை வந்தவ மாதிரி...

ருயிஃபென்: உங்களைப் பாத்துப் பயந்து சுருக்கினா.

தெமாவ்: சரி, நான்தான் கிறுக்கன். நேத்து பூங்காவுல, வரன் தேடற அம்மாக்கள் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சது யாரு?

ருயிஃபென்: குடை மேல வரிசையாப் பிள்ளைங்க போட்டோ ஒட்டி வச்சிருந்தாங்க. கண்ணு பாக்க வசதின்னு போனேன்.

தெமாவ்: போனவ போட்டோவைப் பாத்துட்டு வர வேண்டியதுதானே? "ஒரு மீட்டர் எழுபத்தெட்டு"ன்னு யாரு சொன்னது?

ருயிஃபென்: பையன் உயரம் என்னன்னு கேட்டா ஒருத்தி. வாயில வந்துடுச்சு.

தெமாவ்: பிறந்த வருஷம்?

ருயிஃபென்: குதிரை வருஷம்னு... அதையும் சொல்லிட்டேன். அவ பொண்ணு பல் டாக்டராம். போட்டோ காட்டினா.

தெமாவ்: நல்ல பொண்ணா?

ருயிஃபென்: நல்ல பொண்ணுதாங்க. போன் நம்பர் குடுத்தா. வாங்கிட்டேன்.

தெமாவ்: வாங்கிட்டியா...

ருயிஃபென்: பையன் இல்லைன்னு சொல்ல வாய் வரலை.

தெமாவ்: சரி விடு. சாப்பிடு. ஆத்தங்கரைக்குப் போவோம். அவன் இங்க வேலை பாத்த ஆறு வருஷமும் ஆத்தைப் பாக்க வாங்கன்னு கூப்பிட்டான். அன்னிக்கு வந்தும் ஆஸ்பத்திரி வராந்தாவைத்தான் பாத்தோம். அங்க நல்ல கூட்டம் இருக்கும், ஒவ்வொரு மூஞ்சியா...

ருயிஃபென்: யாங்யாங் அப்பா, போதும்.

தெமாவ்: கால் வலிக்குதா?

ருயிஃபென்: ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் பாத்து நீங்க பேச்சு வாங்கறதை இனி என்னால பாக்க முடியாது. ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் சரி.

தெமாவ்: சூப் ஆறுது...

ருயிஃபென்: ஆறட்டும். அவன் போன குளிர்காலத்துலயே ஆஸ்பத்திரிலேருந்து கடிதாசு வந்துச்சு. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. பரிசோதனையில சரியா வரலையாம். ரெண்டு கண்ணையும்... யாருக்கும் வைக்கலை. இந்த ஊர்ல யார்கிட்டயும் நம்ம பிள்ளை கண்ணு இல்லைங்க. கடிதாசை அடுப்புல போட்டுட்டேன். அவன் கண்ணு எங்கயோ உலகத்தைப் பாத்துட்டுத்தான் இருக்குன்னு சொல்லிச் சொல்லித்தான் அப்ப உங்களை ஒரு வாய் சாப்பிட வச்சேன். அதையும் எப்படிப் பிடுங்கறது? திடீர்னு நீங்க டிக்கெட்டோட வந்து நின்னீங்க. இல்லைன்னு தெரிஞ்சும் கூடவே வந்தேன். வந்த இடத்துல நானும்தான் ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன், நிறுத்த முடியலை... ஏதாவது பேசுங்க.

தெமாவ்: கடிதாசு பின்னாடிதான். முதல்ல போன் பண்ணினாங்க.

ருயிஃபென்: யாருக்கு?

தெமாவ்: எனக்குத்தான். பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தேன். அன்னிக்கு மூணு பஸ்ஸை விட்டுட்டேன்.

ருயிஃபென்: தெரியுமா... தெரிஞ்சுமா டிக்கெட் எடுத்தீங்க? அப்ப நாலு நாளா யாரைத் தேடறீங்க?

தெமாவ்: யாரையும் தேடலை. மூணு வருஷமா நீ ஒருத்தர் மூஞ்சியையும் நிமிர்ந்து பாக்கலை, ருயிஃபென். என் மூஞ்சியைக்கூட. அவன் கண்ணைத் தேடணும்னு சொன்னாலாவது நீ நிமிர்ந்து பாப்பேன்னுதான் கூட்டிட்டு வந்தேன்.