புது எண்ணெய்

கியர் எண்ணெய் பார்க்க வெள்ளைத் துணிதான் வேண்டும், சார். கலர் துணியில் துடைத்தால் எண்ணெயின் நிறம் தெரியாது. என் தங்கையின் பழைய தலையணை உறையைக் கிழித்துப் பட்டறையில் அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

தங்கை புருஷன் காரைக் கொண்டுவந்த அன்றும் அந்தத் துணியில்தான் பார்த்தேன்.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தங்கை நெஞ்சு வலிக்கிறது என்று பையும் கையுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை, "வண்டி பூரா சேறு, ஒரு தடவை தண்ணி அடிச்சுட்டு வந்துடறேன்" என்று காரைக் கழுவினார். கண்ணாடி வரைக்கும் துடைத்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு உயிர் இல்லை. சாவு வீட்டில் அவர் விழுந்து விழுந்து அழுதார். நான் அழவில்லை, கறுவிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒரே வேகத்துல போனா வண்டி நடுங்குது" என்றார் அன்று. "ஆயிலை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி அது. கியர்பாக்ஸின் அளவுகம்பியை உருவித் துடைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் அளவுக்கு மீறிக் கத்தியது. என்ஜினின் இழுவையை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் டார்க் கன்வர்ட்டர் தேய்ந்திருந்தது. உள்ளே கிளட்ச் தட்டுகளும் போய்விட்டன.

இந்த நிலையில் உள்ள வண்டிக்குப் புது எண்ணெய் ஊற்றக் கூடாது. பழைய எண்ணெயில் கிடக்கும் தேய்மானத் தூளின் சொரசொரப்பில்தான் அது ஏதோ இழுத்துக்கொண்டிருக்கும். சுத்தமான எண்ணெய் பட்டால் வழுக்கும். சூடேறிய பிறகு மேட்டில் நின்றால் என்ஜின் கத்துமே தவிர வண்டி நகராது. வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்தேன்.

வண்டியை எடுக்க வந்தபோது, "கொஞ்சம் மேட்டுல ஓட்டுங்க மாப்ளே, புது ஆயில் நல்லா சுத்தும். ரயில்வே கிராசிங் வழியாவே போங்க" என்றேன். கேட் இல்லாத கிராசிங். தண்டவாளம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறும்போது இழுவை போனால் வண்டி தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிடும். சாயங்கால ரயிலின் நேரம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பழி தீர்ந்தது என்று நிம்மதியாகக் கை கழுவினேன். தங்கையின் மகளை என் வீட்டிலேயே வளர்க்க எண்ணி அவளுக்கு ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தேன். அம்மாவின் முகம் அப்படியே அவளுக்கு.

ரயில் மோதியதில் அவர் மட்டும் பிழைத்தார் என்று கேட்டதும் எனக்கு ஆச்சரியமே இல்லை. பெண்டாட்டியை விட்டவர் பிள்ளையையும் விட்டுக் குதித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். நீங்கள்தான் வேறு மாதிரி சொல்கிறீர்கள். குதித்தவர் பின்கதவைத் திறந்து, ரயில் இடிக்கும் வரை சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே இருந்தாராம், அதில்தான் ஒரு கை போனதாம். சொல்லுங்கள், நம்புகிறேன்.

ஆமாம், அப்பாவோடு அவளும் பட்டறைக்கு வந்திருந்தாள். அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தது நான்தான். பெல்ட்டை அவிழ்த்து அவிழ்த்து விளையாடுவாள் என்பதால், பிஞ்சுக் கையால் திறக்க முடியாதபடி பூட்டை இறுக்கியிருந்தேன். "டாட்டா மாமா" என்றாள். முதலில் அவளை வீட்டில் இறக்கிவிட்டுத்தான் கிராசிங் பக்கம் போவார் என்று நினைத்தேன்.

பட்டறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில்தானே அந்த கிராசிங் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெல்ட்டை இறுக்கியதை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள், சார். அது பாசத்தில் செய்தது.