ஏழாம் தொட்டியும் ஒரு வார விடுப்பும்

கடல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. என் மனைவிக்குத்தான் உயிர். மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு தீவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். மடித்து மடித்து நடுவில் கிழிந்து ஒட்டுப் போட்ட படம். குளிரே தெரியாத இடமாம். ஒரு பக்கம் கறுப்புப் பாறை, மறுபக்கம் பாலைவனம் போல வெள்ளை மணல், நடுவில் மழைக்காடு, அதற்கும் மேலே புகை விடும் மலை. "ஒரே தீவுல நாலு ஊரு பாத்துடலாம்ங்க" என்பாள். எந்த நாள் எந்த இடம் என்று பென்சிலால் குறித்தும் வைத்திருந்தாள்.

அவள் தம்பியும் வருவதாக இருந்தது. தாயில்லாதவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். இருபத்தாறு வயதில் அவனை எண்ணெய் ஆலையில் சேர்த்துவிட்டவன் நான். தொட்டி கழுவுகிற வேலை. ஒல்லி உடம்பு, தொட்டியின் வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போவான். அவன் அடியில் படிந்த கசடைச் சுரண்டுவான்; நான் மேலே உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பேன். உள்ளேயிருந்து கத்தினால் கேட்காது. ஒரு தடவை இழுத்தால் கயிற்றை இன்னும் விடு. மூன்று தடவை இழுத்தால் தூக்கு. அவ்வளவுதான் எங்கள் பாஷை.

ஆலை வருடத்தில் ஒரு வாரம் மூடும். ஏழு தொட்டியும் முடிந்தால்தான் எங்களுக்கு அந்த விடுப்பு. வெள்ளி மதியம் ஆறு தொட்டி முடிந்திருந்தது. மறுநாள் காலை கப்பல்.

இறங்குமுன் விஷவாயு பார்க்கிற மீட்டரைக் கட்டி அடிவரை விட வேண்டும். கனத்த வாயு கீழேதான் கிடக்கும். இருபது வருடம் இதே வேலை பார்த்த எனக்குத் தெரியாததல்ல. அடிவரை விட்டேன். கத்தியது. கத்தினால் மூடியைத் திறந்துபோட்டு ஒரு நாள் காற்றாட விட வேண்டும். மீட்டரை மேலே இழுத்து, தொட்டி வாயிலிருந்து ஒரு முழம் கீழே தொங்கவிட்டேன். சும்மா இருந்தது. அதைத்தான் சோதனைத் தாளில் எழுதினேன்.

அவன் வந்தான். "மீட்டர் என்ன மாமா சொல்லுது?"

"உன்னைத் தீவுக்குக் கிளம்பச் சொல்லுது."

"அக்கா நீச்சலுக்கு டிரவுசர் வாங்கியிருக்கா மாமா. பூப்போட்டது. அதோட எறங்குனா மீனெல்லாம் ஊரைக் காலி பண்ணிடும்." சிரித்தபடியேதான் இறங்கினான்.

பத்து நிமிடத்தில் மூன்று தடவை இழுத்தான். அவனுக்கு அந்த விளையாட்டு உண்டு. டீ குடிக்கத் தோன்றினாலும் மூன்று தடவை இழுப்பான், தூக்கியதும் பல்லைக் காட்டுவான். ஆனால் விளையாட்டு இழுப்பு வெடுக்வெடுக்கென்று வரும். இது அப்படி வரவில்லை.

தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சங்கு ஊதும். மேற்பார்வையாளர் வருவார். மீட்டரைக் கேட்பார், தொட்டிக்கு முத்திரை வைப்பார். விடுப்பு போயிற்று. தலைசுற்றல் யாருக்குத்தான் வரவில்லை. எனக்கும் வந்திருக்கிறது, சமாளித்துச் சுரண்டியிருக்கிறேன். இந்த ஒரு தொட்டிதான் பாக்கி. கயிற்றைப் பிடித்தபடியேதான் இருந்தேன். கையை விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுபடி அவன் இழுக்கவில்லை. நான் தூக்கியபோது ஒல்லி உடம்பு அப்படிக் கனத்தது.

தாளில் எல்லாம் சரியாக இருந்ததால் விபத்து என்று முடிந்தது. வீட்டில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கயித்த இழுத்தானா?"

"இல்லம்மா. தூங்கற மாதிரி போயிட்டான்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு மாதம் அவள் தொண்டையில் சோறு இறங்கியது. இடம் மாறினால் மனசு ஆறும் என்று நான்தான் தீவுக்குக் கூட்டிப் போனேன். பாறையில் உட்கார்ந்து அழுதாள். காட்டில் நனைந்துகொண்டே அழுதாள். மூன்றாம் நாள் வெள்ளை மணலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நானும் அவன்கூடவே போயிருப்பேன்" என்றாள்.

எனக்கு அந்த நன்றி ஒட்டவில்லை. உழைக்காத கூலியை வாங்கிப் பழக்கமில்லாதவன் நான்.

"மூணு தடவ இழுத்தான்மா. தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். நீ இதெல்லாம் பாக்கணும்னுதான்."

கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். துறைமுகத்துப் பக்கம் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான், ஐயா. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. மலைக்கு மறுநாள் போவதாக இருந்தது. மூன்று வருடம் ஆசைப்பட்டவள், அதைப் பார்க்காமலே திரும்பிவிட்டாள்.