நாலு ஓட்டைக்கு மட்டும் கையெழுத்து

இருப்பா, சிரிப்பைக் கடைசில வெச்சிருக்கேன். மொதல்ல அந்தத் தலகாணிய வயித்தோட கட்டிப் புடிச்சுக்க. சிரிச்சா தையல் தெறிச்சிடுமாம், நர்ஸக்கா சொன்னாங்க. மூக்குல குழாய் இருக்கறவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாதாம். பதினேழு வருஷத்துல எனக்கு இன்னிக்குத்தான் சான்ஸ்.

போர்வையத் தூக்கிப் பாத்துட்டியா? ஆமா, நாலு ஓட்டை இல்ல. நெஞ்சுக்குக் கீழருந்து அடிவயிறு வரைக்கும் ஒரே கிழி. தையலுக்கு இருபத்தெட்டு பின்னு. எண்ணிட்டேன்.

டாக்டர் மூக்காலேயே பேசுவாரே, அப்படியே கேளு. ஓட்டை வழியாத்தாம்மா ஆரம்பிச்சோம், குடல்ல இருந்த கேன்சர் கட்டி மூத்திரப்பையைக் கவ்விக்கிட்டு இருந்துது, பிரிக்கப்போனா ரத்தம் பீச்சுது, டிவில செவப்பத் தவிர ஒண்ணும் தெரியல, கேமராவ உருவிப் போட்டுட்டுக் கத்தியை எடுத்துட்டேன். ரெண்டு கையையும் உள்ள விட்டு ரத்தக்குழாயை விரலாலேயே நசுக்கிப் புடிச்சாராம். அஞ்சு நிமிஷம் தாமதிச்சிருந்தா நீ பொணம்.

சிரிப்பா? வரும், வரும்.

ஆபரேஷனுக்கு மொத நாள் நீ என்ன பண்ணே? ஓட்டைக்கு மட்டும்தான் கையெழுத்து, வயித்தக் கிழிக்கறதுக்குப் போடமாட்டேன்னு பேப்பரைக் கிழிச்சு டாக்டர் மூஞ்சில வீசினே. அப்ப ஆபரேஷனே கெடையாதுன்னுட்டார். அம்மா கெஞ்சினதுக்கு டம்ளர் பறந்துச்சு. சாயங்காலம் ஏதோ புது நம்பர்லருந்து பெரியப்பா கூப்பிட்டார். நான்கூட டீ வாங்கப் போயிருந்தேன், நெனப்பிருக்கா? பட்டறைல ஸ்பானரால அடிச்சு அவர் முன்பல்லு ரெண்டையும் உதிர்த்தியே, அதுக்கப்புறம் எட்டு வருஷத்துல மொதத் தடவை. கையெழுத்தப் போடுடா குட்டின்னார். அந்தப் பல்லுச் சந்துல காத்து சீறினதக் கேட்டதும் நீ கொழந்த மாதிரி அழுதுட்டே போட்டே.

அதுக்கு முன்னாடி, மத்தியானம், நாந்தான் அவருக்குப் போன் பண்ணேன். தம்பி செத்தா சொல்லு, வரேன்னுட்டு வெச்சுட்டார்.

அவ்வளவுதான் பேசினார். அந்தக் குரலைப் புடிச்சு அப்படியே பேச எனக்கு அது போதும்.

ஏம்பா அப்படிப் பாக்கறே? ட்ரேய எதுக்கு எடுக்கறே? சரி, எறி. ஆனா தலகாணிய விட்டுடாம எறி.