ஐந்து நட்சத்திரம் வாங்கிய கதவு

யாரையும் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. லிஃப்டில்கூட, தூரத்தில் ஒருவர் ஓடி வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் நாங்கள் நால்வர். புகார்கள் குவிந்தபடியே இருந்தன. ஒருநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா, உங்க நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு வெளியாளுக்குக் குடுத்துருவாங்கய்யா."

அதனால் பயிற்சிக்காக ஒரு சிமுலேஷன் செய்தேன். கம்ப்யூட்டருக்குள் இதே போல இன்னோர் அலுவலகம்; ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். பொய்யாகப் பழுது உண்டாக்கி, பதறாமல் சரிசெய்யப் பழகினோம். அங்கே இருப்பவர்கள் தங்கமானவர்கள். 'அணைத்துவிட்டுப் போடுங்கள்' என்றால் அணைத்துவிட்டுப் போடுவார்கள். 'நான் எதையும் தொடவே இல்லையே' என்று சாதிக்க மாட்டார்கள்.

அங்கே நாங்கள் கில்லாடிகளானோம். இங்கே பழைய குருடிதான். எனவே சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன்: இங்கே வரும் புகார்களை அங்கே அனுப்பினேன். நொடியில் தீர்ந்தன. 'சரிசெய்யப்பட்டது' என்று இங்கே பதில் போயிற்று. நகல்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தன.

கணக்குப் பிரிவு அக்கா மட்டும் நேரில் வந்தார். "சரியாயிடுச்சுன்னு மெசேஜ் வருது தம்பி. திரை இன்னும் கருப்பாத்தானே இருக்கு?"

"அங்க சரியாயிடுச்சுக்கா," என்று அவருடைய நகலைக் காட்டினேன். அது மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது.

"அவளாவது நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை மேனேஜர் சர்வர் அறைக்குள் போனார். கதவின் பூட்டு மக்கர் செய்தது. உள்ளிருந்து எனக்கு போன் செய்தார். முறைப்படி புகாரைப் பதிவு செய்யச் சொன்னேன். அது அவரே போட்ட விதி. பதிவு செய்தார். உடனே அவருடைய நகல் வெளியே வந்து, காபி எடுத்துக்கொண்டு, ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

சர்வர் அறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இவர் தட்டினார். "யோவ், திறய்யா. ஏசிக் குளிர்ல விறைச்சுப் போச்சுய்யா."

"நீங்க வெளிய வந்து ரொம்ப நேரமாச்சு சார்," என்றேன்.

பிறகு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போர்த்திக்கொண்டார்.

முடிந்த புகாரை மறுபடி திறந்தால் இந்த மாதக் கணக்கே கெட்டுவிடும். நாலு குடும்பம் அதை நம்பி இருக்கிறது.

தலைமை அலுவலகத்திலிருந்து நீங்கள் வந்ததும், மேனேஜர் எங்கே என்று கேட்டீர்கள். காபி குடிக்கிறார் என்றேன். அது பொய்யில்லை. நாம் உட்கார்ந்ததிலிருந்து கேட்கிற அந்த டொக் டொக் சத்தம் ஏசியுடையது என்று சொன்னது மட்டும்தான் பொய்.

மாற்றுச் சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இந்தாருங்கள். ஆனால் திறப்பதற்கு முன்னால் அவரைப் புதிதாக ஒரு புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பழையதில் பரம திருப்தி என்று அவரே எழுதியிருக்கிறார்.