படம் தெளிவா வந்தா

கடப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"டிவில படம் தெளிவா வந்தா எனக்கு பயம் வந்துடுதுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"காத்தடிச்சா படம் கட்டம் கட்டமா உடையுது. போன வாரம் எங்க வூட்டுக்காரரு மாடில ஏறி டிஷ்ஷத் திருப்பினாரு. நான் உள்ளேருந்து, 'வந்துச்சு, அப்படியே நில்லு'ன்னு கத்துனேன். அப்புறம் எறங்குன்னா எறங்கவே இல்ல. வெளிய வந்து பாத்தா, கரண்டுக் கம்பி காத்துல ஆடிகினு அவரு தலைக்கு ஒரு சாண் மேல கீது. அசையாம நிக்கிறாரு."

"ஐயய்யோ!"

"மெதுவா குந்துன்னேன். குந்திகினே நகந்து வந்தாரு. இன்னிக்குக் காலைல மறுபடி படம் போயிடுச்சி. நான் இல்லாதப்ப ஏறிடுவாரோன்னு பயமா கீதுக்கா."

"போன் போட்டுக் கேளேன்."

ரெண்டு தடவை அடித்தும் அவர் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"எங்க கீற? மாடிலயா?" அவள் குரல் சட்டென்று தணிந்தது. "டிஷ்ஷ விடு. நிமிராத. குந்து. குந்திகினே ஏணிப் பக்கம் வா. போன வெக்காத."

அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் கேட்காமல் நின்றார்.

"எறங்கிட்டியா? தரைல நிக்கிறியா? நிஜமா?"

அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார்.

"படம் வந்துச்சான்னு என்னைக் கேக்கறியா? யோவ், நான் பஸ்ல கீறன்யா," என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள்.