ஸ்டிக்கர் ஒட்டிய ஓட்ஸ்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் சொன்னபடியே. வயது நாற்பத்தொன்று. தையல் கடையில் காஜா எடுத்துப் பொத்தான் கட்டும் வேலை. ஐந்தாவது வரை படித்தேன். என் வீட்டுக்காரர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். ஒரே மகள்.

மகளுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாது, வயிறு கெட்டுத் துவண்டுவிடுவாள். ஓட்ஸ் ஆகும், ஆனால் கோதுமை உடைக்கும் ஆலையில் உடைத்த ஓட்ஸ் ஆகாது. பாக்கெட்டைப் படித்து வாங்குவது வீட்டுக்காரர் வேலையாக இருந்தது. அவருக்குப் பின் நானே 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதியதாகப் பார்த்து இப்போது என்மேல் புகார் கொடுத்திருக்கும் கடையில் வாங்கிவந்தேன். அப்படியும் மகள் படுத்துவிட்டாள். அதன்பிறகு நாத்தனார் வந்து, "எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ கையில பிள்ளைய விட்டா இப்படித்தான். ஞாயித்துக்கிழமை நான் அவளக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார். எனக்கே என்மேல் சந்தேகம்.

இன்று காலை மறுபடி அந்தக் கடைக்குப் போய், பாக்கெட்டை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்து வந்தபோது 'குளூட்டன் இல்லாதது' என்ற வரியில் விரல் தட்டியது. ஸ்டிக்கர். நகத்தால் உரித்தேன். அடியில் 'கோதுமை கலந்திருக்கலாம்' என்று அச்சடித்திருந்தது. அடுத்ததை உரித்தேன், அதிலும் அதே. அதன்பிறகு அலமாரியில் இருந்த அத்தனையையும் உரித்தேன். ஒரு அம்மா கூடையில் வைத்திருந்ததையும் பிடுங்கினேன். அவர், "என்னங்க, பைத்தியமா உங்களுக்கு?" என்றார். "அக்கா, படிங்க, சத்தமாப் படிங்க" என்றேன். படித்தார். அதன்பிறகு அவரும் என்னோடு நின்று உரித்தார்.

மேனேஜர் ஓடிவந்து, "ஓட்ஸ் எல்லாம் ஒண்ணுதாம்மா, விக்கலையேன்னு ஒட்டினோம்" என்றார். "ஒண்ணுன்னா ஸ்டிக்கர் எதுக்குய்யா?" என்றேன். நான் அப்போது சிரித்ததாக அவர் புகாரில் சொல்லியிருப்பது உண்மை. வீட்டுக்காரர் போனபிறகு நான் சிரித்தது அப்போதுதான். நான் சரியாகத்தான் படித்திருந்தேன்.

சரக்கைக் கெடுத்ததற்குச் சட்டம் சொல்வதற்குக் கட்டுப்படுகிறேன். உரித்த பாக்கெட் ஒன்றை ஸ்டேஷன் ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டேன். நாத்தனாரை நானே போன் பண்ணி வரவழைத்தேன், வெளியே பெஞ்சில் இருக்கிறார். இதை எனக்குப் படித்துக் காட்டும்போது கதவைத் திறந்துவைத்துச் சத்தமாகப் படிக்கும்படி ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். அப்படியே படித்தார்கள். எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததுதான்.

(கையொப்பம்)