குதிரை போகலாம், வண்டி போகக் கூடாது

...அதான் சார், அந்தப் போர்ட நீங்களே ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க! எனக்குத்தான் படிப்பு பத்தலையோ என்னவோ. ‘குதிரைப் பாதை. வண்டிகள் செல்லக் கூடாது.’ ஆச்சா? என் குதிரை போகலாம். குதிரைக்குப் பின்னாடி கட்டியிருக்கிற வண்டி போகக் கூடாது. வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற நீங்க, நான், என் மக... நம்மளப் பத்தி அதுல ஒண்ணுமே எழுதல!

கொஞ்சம் நகந்து உக்காருங்க சார், புல்லுக்கட்டு குத்தும். சிக்னல் சிவப்புதான் இன்னும். பாப்பா, அம்மா சொல்றேன்ல, சார் சட்டையில கால வெக்காதடி! ஸ்கூலுக்குப் போறா சார். பின்னாடி உக்காருன்னா மாட்டேங்குறா, போன வாரத்துலேர்ந்து. போன வாரம் என்னாச்சுன்னா... இருங்க, மொதல்ல மீட்டிங்கச் சொல்லிடறேன்.

டவுன் ஆபீஸ்ல மீட்டிங் போட்டாங்க. ஃபேனு, மைக்கு, தட்டு நெறைய பிஸ்கட்டு! “மெயின் ரோட்டுல லாரி ஜாஸ்தியாயிடுச்சு, உங்களுக்கு என்ன வேணும்?”னு கேட்டாங்க. வண்டிக்காரங்க அத்தன பேரும் ஒரே குரலா, “குதிரைக்குத் தனிப் பாதை வேணும்”னோம். எங்க பேச்சே அப்படித்தான் சார். ‘குதிரைய எடு’ம்போம், ‘குதிரை சவாரிக்குப் போயிருக்கு’ம்போம். வண்டியும் சேத்துத்தான்! குறிச்சுக்கிட்டாங்க. அட அட, என்னமாக் குறிச்சாங்க!

பாதையப் பாத்தீங்கல்ல? மெத்துமெத்துன்னு மணலு. ரெண்டு பக்கமும் நெழலு. தண்ணித் தொட்டி வேற. மாமியார் வீட்டுல எனக்குக்கூட இந்தக் கவனிப்பு கெடச்சதில்ல! நொழையற எடத்துல நட்ட நடுவுல ஒரு கல்தூணு. குதிரை நொழையும், வண்டி நொழையாது. அளந்து நட்டிருக்காங்க சார், அளந்து!

நேரா இன்ஜினியர்கிட்டயே போயிட்டேன். “குதிரைய அவுத்து இப்படி அனுப்பிட்டு, வண்டிய நான் இழுத்துக்கிட்டு லாரியோட லாரியா வரட்டுமா சார்?”னு கேட்டேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்ல. “நீங்க குதிரைக்குன்னுதானேம்மா கேட்டீங்க? அடுத்த மீட்டிங்ல வண்டிக்குன்னு கேளுங்க”ங்கறாரு. கேக்கறேன். அப்பக் குதிரை வரக் கூடாதுன்னு போர்டு வெப்பாங்க!

நீங்க சிரிக்கறீங்க. போன வாரம் இதே முக்குல ஒரு லாரிக்காரன் காதுக்குள்ளயே ஹாரன் அடிச்சான் சார். குதிரை மெரண்டு, வண்டி ஒத்தச் சக்கரத்துல நிக்குது. திரும்பிப் பாக்கறேன்... பாப்பா ரோட்டுல கெடக்கறா. பின்னாடி வந்த லாரி ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. நல்லவேளை, ஒதட்டுல மட்டும்தான் காயம். அதுலேர்ந்து இந்த முக்கு வந்தாலே என் இடுப்பப் புடிச்சுக்கறா. நான் வாய மூடாமப் பேசறேன்னு பாக்கறீங்கல்ல? அவளுக்காகத்தான். அம்மா பேசிட்டே இருந்தா ஹாரன் கேக்காதாம்.

என்ன சார், எறங்கறீங்க? பஸ் ஸ்டாண்டு இன்னும் எவ்வளவு தூரம்... ஓ! குதிரைப் பாதையிலயே நடந்து போயிடறீங்களா? வெவரமான ஆளுதான்! போங்க, போங்க. தொட்டியில தண்ணி இருக்கும், தாகம் எடுத்தாக் குடிச்சுக்குங்க!

பாத்தியா பாப்பா, குதிரைப் பாதையில மொதக் குதிரை போகுது! சிரிப்பு வருதா? சிரிடி, நல்லா சிரி. ஆ... பச்சை விழுந்துருச்சு. என்னை இறுக்கிப் புடிச்சுக்கோ. அந்தப் பக்கம் பாக்காத, என்னைப் பாரு. அந்தக் குதிரைக்கு என்ன பேரு வெக்கலாம், சொல்லு? கேக்கல... சத்தமா. இன்னும் சத்தமாடி! இன்னும்!